அளக்கையில் சிந்தியது

செஞ்சி மண்டித் தெருவில் கந்தசாமியின் குரல் தெரியாதவர் கிடையாது. கிலோக் கணக்கு வந்து ஆறேழு வருஷமாகிவிட்டது, இரும்புத் தராசும் வந்துவிட்டது. இருந்தாலும் சிங்கவரத்துக் குடியானவனுக்கும் அனந்தபுரத்துக் குடியானவனுக்கும் தன் மல்லாட்டையை (வேர்க்கடலையை அங்கே அப்படித்தான் சொல்வார்கள்) மரக்காலில் அளந்து எண்ணுவதைக் காதால் கேட்டால்தான் மனம் ஆறும். கந்தசாமி அம்பாரத்தின் முன்னால் குந்தி உட்கார்ந்து, மரக்காலை இரண்டு கையாலும் அணைத்து வாரி, முதல் மரக்காலைக் கொட்டும்போது "லாபம்" என்று இழுத்துச் சொல்வார். ஒண்ணு என்று சொல்லக்கூடாது. அளக்கிறவன் வாயில் முதலில் வருவது லாபமாக இருக்க வேண்டும். அதற்கப்புறம்தான் ரெண்டு, மூணு எல்லாம். நாலு காய் சிந்திவிட்டால் எழுந்துபோய் அதைப் பொறுக்கி அம்பாரத்தில் போட்டுவிட்டு வந்துதான் அடுத்த எண்ணைச் சொல்வார். "அளக்கறப்ப சிந்தினதும் குடியானவனுதுதான்டா" என்பார். வியாபாரிகளுக்கு அது அவ்வளவாக ருசிக்காது. ஆனால் அவர் அளந்தால் சண்டை வராது என்பதற்காகப் பொறுத்துக்கொண்டார்கள்.

அந்த மனுஷர் இப்போது நாலு மாதமாக மண்டிக்குப் பின்தெரு ஓட்டு வீட்டில் கயிற்றுக்கட்டிலோடு கிடந்தார். இடுப்பில் பிடிப்பு என்றுதான் ஆரம்பித்தது. மூட்டை தூக்குகிற தெருவில் இடுப்புப் பிடிப்பை யார் சட்டை செய்வார்கள்? சுளுக்கு வழித்தார்கள், நொச்சித்தழை கட்டினார்கள், தளவானூரில் ஒருவர் எண்ணெய் காய்ச்சித் தருகிறார் என்று அதையும் வாங்கிப் பூசினார்கள். ஆடி மாசம் எழுந்து நிற்கவே முடியாமல் போனபிறகுதான் இரண்டு மணி நேரம் பஸ்ஸில் போய் மிஷன் ஆஸ்பத்திரியில் காட்டினார்கள். படம் பிடித்துப் பார்த்துவிட்டு, புற்று இடுப்பெலும்புக்குள் இறங்கிவிட்டது, இனி அறுக்க ஒன்றும் இல்லை, வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டார்கள்.

பார்த்துக்கொள்ள இருந்தது பெண்டாட்டி உண்ணாமலை ஒருத்திதான். மகள் ரஞ்சிதம் அனந்தபுரத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். ஞாயிற்றுக்கிழமை பஸ்ஸுக்கு வந்து அழுதுவிட்டு மாலை பஸ்ஸுக்குப் போய்விடுவாள். உண்ணாமலை மண்டியிலிருந்து விதைக்காய் மூட்டையை வீட்டுக்கே வாங்கிவந்து உரித்தாள். விதைக்காயை மிஷினில் போட்டால் பருப்பு பிளந்துவிடும், கையால்தான் உரிக்க வேண்டும். கட்டிலுக்கு எதிரே உட்கார்ந்து, காயைத் தண்ணீர் தெளித்து நசுக்கி நசுக்கி விரல் நுனியெல்லாம் தோலுரிந்து கிடந்தாள். சாவு வரப்போகிறது என்பதை அவள் மனசு ஒருமாதிரி ஒப்புக்கொண்டுவிட்டது. அந்த வலியைத்தான் ஒப்புக்கொள்ளவில்லை. அவர் கத்தமாட்டார். பல்லைக் கடிப்பார். அந்தப் பல் நறநறப்பு கேட்கும்போதெல்லாம் உரிக்கிற காயை அப்படியே முறத்தில் போட்டுவிடுவாள். புரட்டிப் படுக்கவைக்கக் கை வைத்தால் துடித்தார், போர்வை உரசினால் துடித்தார். கட்டின புருஷனை நாலு மாதமாகத் தொட முடியாமல் எதிரே உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பது என்ன கொடுமை என்று அவளைக் கேட்டால் தெரியும். சாகட்டும், ஆனால் ஒரு நாளாவது நோவில்லாமல் கிடந்து சாகட்டும் என்பதுதான் அவள் வேண்டுதல். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

ஐப்பசிக் கடைசியில் அந்தத் தெருவுக்குச் செவ்வாய்க்கிழமை வண்டி வர ஆரம்பித்தது. மிஷன் ஆஸ்பத்திரியின் வெள்ளை வண்டி. அதிலிருந்து ஜானகி டாக்டர் இறங்குவாள். ஐம்பது வயது, கைத்தறிப் புடவை, ஆம்பிளைக் கடிகாரம், நறுக்குத் தெறித்தாற்போல் பேச்சு. அவளுக்குப் பின்னால் மூன்று பேர்: டாக்டருக்குப் படிக்கிற தனசேகரன், நர்ஸுக்குப் படிக்கிற நீலாவதி, கம்பவுண்டருக்குப் படிக்கிற செல்லப்பன். கையில் ஆளுக்கொரு நோட்டு. பிழைக்கமாட்டாத புற்றுக்காரர்களுக்கு மூன்று பேரும் சேர்ந்து வலியை எப்படி அடக்குவது என்று அவர்களுக்குப் பாடமாம். தெருவில் ஒருத்தன் கேட்டே விட்டான், சாகப்போறவனுக்கு வைத்தியம் பார்க்கவா ஒரு படிப்பு என்று. "பொழைக்கிறவனுக்கு யார் வேணா பாத்துடலாம்யா. இதுக்குத்தான் படிக்கணும்" என்றாள் டாக்டர்.

முதல் செவ்வாய்க்கிழமை செல்லப்பன் ஒரு பழுப்பு பாட்டிலைக் கொடுத்தான். பாட்டிலின் முதுகில் காகிதத்தைக் கத்தரித்து ஒட்டிய அளவுக்கோடு இருந்தது. "நாலு மணி நேரத்துக்கு ஒருக்கா ஒரு கோடும்மா. வலி வந்தப்புறம் குடுக்கக்கூடாது, வர்றதுக்கு முன்னாடியே குடுத்துடணும். தூங்கினாலும் எழுப்பிக் குடுங்க" என்று இரண்டு தரம் சொன்னான். தனசேகரன் கந்தசாமியிடம் வலி எப்படியென்று கேட்டு எழுதினான். நீலாவதி முதுகைத் திருப்பிப் புண் இருக்கிறதா என்று பார்த்தாள். அவரவர் வேலையை அவரவர் சுத்தமாகச் செய்தார்கள்.

அவர்கள் போனதும் உண்ணாமலை தக்கையைப் பிடுங்கினாள். பிடுங்கின கை அப்படியே நின்றுவிட்டது. சாராய வாசனை.

அந்த வாசனையை அவள் ஏழு ஜென்மத்துக்கும் மறக்கமாட்டாள். பதினோரு வருஷம் முன்னால் அவர்களுக்கு விநாயகம் என்று நாலு வயசில் ஒரு பிள்ளை இருந்தான். தொண்டை வீங்கிக் காய்ச்சல் கொதித்தது. நடுப்பகலில் கந்தசாமி வண்டி பிடித்துவரக் கிளம்பிப் போனார். அந்த நாளில் அவருக்குக் குடி உண்டு. புரோகிபிஷன் என்று பேர்தான், செட்டிகுளத்துக் கரையில் காய்ச்சுகிறவன் காய்ச்சிக்கொண்டுதான் இருந்தான். ஒரு வாய் ஊற்றிக்கொண்டு போவோம் என்று உட்கார்ந்தவர் விளக்கு வைக்கிற நேரத்துக்கு அந்த வாசனையோடு வந்து நின்றார். பிள்ளை மூன்று மணிக்கே அவள் மடியில் அடங்கிவிட்டிருந்தது. காரியம் முடிந்ததும் உண்ணாமலை அவரைச் சிங்கவரம் மலைக்கு நடத்திக் கூட்டிக்கொண்டு போனாள். ரங்கநாதர் சன்னதிக்கு வெளியே படிக்கல்லில் கற்பூரத்தைக் கொளுத்தி வைத்தாள். அவர் உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனி இது என் நாக்கில் படாது என்று சத்தியம் பண்ணினார். பட்டதும் இல்லை. ஆனால் அவளும் அதற்கப்புறம் அவருக்கு முழுசாக முகம் கொடுத்ததில்லை. சோறு போட்டாள், துணி துவைத்தாள், மகளைக் கட்டிக்கொடுத்தாள். அந்தப் பேச்சை மட்டும் இருவரும் எடுத்ததே இல்லை.

பாட்டிலைப் பிடித்துக்கொண்டு அடுப்படியில் நின்றாள். சொல்லிவிட்டால் அவர் குடிக்கமாட்டார், அது அவளுக்கு நன்றாகத் தெரியும். புகையிலை போட்டுப் போட்டு அவருக்கு மூக்கு மந்தமாகியிருக்கும், தெரியாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். 'ரங்கநாதா, பாவத்தை என் தலையில போட்டுக்கோ' என்று மனசுக்குள் முனகிவிட்டு ஒரு கோடு ஊற்றிக்கொண்டு போனாள்.

கந்தசாமி வாயில் வாங்கிக்கொண்டார். ஒரு கணம் அவளை ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் தண்ணீர்ப் பானைப் பக்கம் கையைக் காட்டினார். அவள் திரும்பிப்போய்ச் சொம்பில் மொண்டு வந்தாள். அவர் வாயைத் துடைத்துக்கொண்டு தண்ணீர் குடித்தார். கண்டுபிடிக்கவில்லை என்று உண்ணாமலைக்கு உயிர் வந்தது.

ஆனால் வலி போகவில்லை. அடுத்த செவ்வாய்க்கிழமை தனசேகரன் கேட்டான்.

"எப்படி இருக்குது ஐயா?"

"பரவால்ல தம்பி."

"வலி குறைஞ்சிருக்குதா?"

"கொறையும்" என்றார் கந்தசாமி, கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டே.

"ஒரு வேளையும் தவறாம குடுக்கறீங்களாம்மா?"

"தவறல தம்பி. சங்கு ஊதறதை வச்சி, கோயில் மணிய வச்சி நேரம் பாத்துக் குடுக்கறேன்."

மருந்தைக் கூட்டினார்கள். கோடு அதே கோடு, உள்ளே சத்து மட்டும் அதிகம். அதற்கடுத்த வாரமும் கூட்டினார்கள். கார்த்திகை மழை ஓட்டில் விடாமல் கொட்டியது, ராஜகிரி மலைப் பாறையெல்லாம் கறுத்து வழிந்தது. கந்தசாமி வாடிக்கொண்டே போனார். கேழ்வரகுக் கூழைக்கூட இரண்டு வாய்க்கு மேல் இறக்கமாட்டார். இந்த லட்சணத்தில் கட்டில் தலைமாட்டில் எறும்பு வேறு. மல்லாட்டைச் சாக்கை விரித்துப் படுக்கவைத்திருப்பதால் வருகிறது என்று உண்ணாமலை மஞ்சள்தூளைத் தூவினாள், சாம்பலைக் கொட்டினாள். எறும்பு சுற்றிக்கொண்டு வந்தது. நீலாவதியும் அதைப் பார்த்துவிட்டுத் தனசேகரனிடம் சொன்னாள். சர்க்கரை வியாதி இருக்குமோ என்று அவன் மூத்திரம் பிடித்துப் போனான். சர்க்கரை இல்லை என்று வந்தது. அதோடு அந்த எறும்பை விட்டுவிட்டார்கள்.

ஆறாவது செவ்வாய்க்கிழமை மார்கழி பிறந்திருந்தது. வழக்கமாக வைத்தியம் முடிந்ததும் நோட்டு மூன்றும் ஓடுகிற வண்டியில் டாக்டர் மடிக்குப் போகும், கையெழுத்தாகித் திரும்பும். அன்றைக்கு வண்டிச் சக்கரம் பஞ்சர். டிரைவர் ஆள் தேடிப் போயிருந்தான். ஜானகி டாக்டர் வீட்டுக்குள்ளேயே பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள்.

"சும்மா நிக்கறதுக்கு நோட்டையாவது படிங்க. வாய்விட்டுப் படிங்க, எல்லாருக்கும் கேக்கட்டும்."

தனசேகரன் படித்தான். "வலி குறையவில்லை. மருந்து ஒழுங்காகக் கொடுக்கப்படுகிறது. இன்று கொண்டுவந்தது முதல் பாட்டிலைப்போல் நாலு மடங்கு. இன்னும் கூட்டலாமா என்று கேட்க வேண்டும்."

செல்லப்பன் படித்தான். "பாட்டில் காலி. மிச்சம் இல்லை."

நீலாவதி தயங்கினாள். "முதுகில் புண் இல்லை. கால் வீக்கம் இல்லை. தலைமாட்டில் எறும்பு. இது நாலாவது வாரமா எழுதறேன் டாக்டர். புதுசா ஒண்ணும் இல்ல."

"அது மல்லாட்டத் தூசிக்கு வருது பாப்பா" என்றாள் உண்ணாமலை, காய் உரித்துக்கொண்டே. "நானும் மஞ்சத்தூள் போட்டுப் பாத்துட்டேன், போவ மாட்டேங்குது."

"கால்மாட்டுலயும் அதே சாக்குதானே விரிச்சிருக்குது?" என்றாள் டாக்டர். "அங்க எறும்பைக் காணோமே."

செல்லப்பன் மெல்ல, "நம்ம மருந்துல பாகு இருக்குது டாக்டர்" என்றான்.

ஜானகி டாக்டர் எழுந்தாள். தலைமாட்டுச் சாக்கின் ஓரத்தைத் தூக்கினாள். அடிப்பக்கம் கறுப்பாகக் காய்ந்து, விறைத்து, பிசுபிசுத்தது. குனிந்து மோந்துபார்த்தாள். நிமிர்ந்து கந்தசாமியைப் பார்த்தாள்.

"எம் பொஞ்சாதிய ஒண்ணும் சொல்லாதீங்க டாக்டரம்மா" என்றார் கந்தசாமி. "நான்தான் துப்பனேன்."

"எத்தனை நாளா?"

"மொத நாளுலருந்து."

"ஏன்யா?"

"அதுல சாராயம் இருக்குது."

"அது ஸ்பிரிட்டுங்க ஐயா" என்று செல்லப்பன் பதறினான். "வாரத்துக்கு ஒருதரம்தான் வர்றோம் இல்லையா, மருந்து கெட்டுடாம இருக்கச் சேக்கறது. போதைக்கு இல்ல."

"எதுக்குச் சேத்தா இன்னா தம்பி. நான் தொடறதில்ல."

"சரி, தொடமாட்டீங்க. அதை எங்ககிட்ட சொல்லியிருக்கலாமே" என்றாள் டாக்டர். "முப்பத்தஞ்சு நாளா எலும்பு முறியற வலியத் தாங்கிக்கிட்டுப் பரவால்ல பரவால்லன்னீங்களே."

கந்தசாமி உண்ணாமலை பக்கம் பார்க்காமல் மோட்டுவளையைப் பார்த்துச் சொன்னார். "சொன்னா அவளுக்குத் தெரிஞ்சிடும். அவ கையாலயே அந்தக் கருமத்தை எனக்கு ஊத்தியிருக்கான்னு தெரிஞ்சா மனசு வுட்டுடுவா. பாவம், தெரியாம குடுக்கறா. நான் துப்பிட்டாப் போச்சு."

உண்ணாமலையின் கையிலிருந்த காய் முறத்துக்கு வெளியே உருண்டது.

"எனக்குத் தெரியும்" என்றாள்.

"இன்னா தெரியும்?"

"மொத நாளே தெரியும். தக்கையப் புடுங்கறப்பவே தெரியும்."

ஓட்டின் மேல் மழை பிடித்துக்கொண்டது. ஜானகி டாக்டர் புதுப் பாட்டிலை மாடத்திலிருந்து எடுத்துத் தன் பையில் போட்டுப் பித்தானை மாட்டினாள். அப்புறம் மூன்று பேரையும் பார்த்தாள்.

"இது எவ்வளவு சத்துன்னு தெரியுதா? உடம்பு பழகியிருக்குதுன்னு நம்பி நாலு மடங்கு ஏத்தியிருக்கோம். உடம்பு ஒரு சொட்டும் பாக்கல. இன்னிக்கு இந்தம்மா மூக்கைப் புடிச்சி ரெண்டு வேளை முழுங்க வச்சிருந்தா ராத்திரி மூச்சு நின்னிருக்கும். நாமதான் கொன்னவங்க." தனசேகரன் தலையைக் குனிந்தான். "உன்ன மட்டும் சொல்லல. பாகு அவன் நோட்டுல, எறும்பு அவ நோட்டுல, வலி உன் நோட்டுல. மூணுலயும் கையெழுத்துப் போட்டவ நான். ஒருநாளாவது மூணையும் ஒண்ணா வச்சிப் படிச்சேனா?"

பிறகு கட்டிலருகே குந்தி உட்கார்ந்து கந்தசாமியிடம் சொன்னாள். ஸ்பிரிட் இல்லாமல் தண்ணீரில் மருந்து கலக்கலாம். ஆனால் கலக்காத மருந்துச் சரக்கு ஆஸ்பத்திரிப் பூட்டுக்குள் இருக்கிறது, ஊசியும் அங்கேதான். வண்டியில் வைத்துக்கொள்ள பர்மிட் கிடையாது. கலந்து எடுத்துவர வியாழக்கிழமை ஆகிவிடும். அதுவரைக்கும் இருக்கிற பாட்டிலிலேயே கால் கோடு, தண்ணீர் ஊற்றித் தரலாம்.

"வேணாம்மா."

"ரெண்டு நாள்தானே ஐயா" என்று நீலாவதி கெஞ்சினாள்.

உண்ணாமலை எழுந்து வந்தாள். "குடிய்யா. கற்பூரம் ஏத்துனது நானு. நானே வுட்டுட்டேன்னு சொல்றேன். இத்தினி பேர் எதிர்ல சொல்றேன், குடி."

"ஏத்துனது நீதான்" என்றார் கந்தசாமி. "ஆனா நான் சத்தியம் குடுத்தது உனுக்கு இல்ல. புள்ளைக்குக் குடுத்தேன். அவன் வந்து வுட்டுட்டேன்னு சொல்லட்டும், குடிக்கிறேன்."

டாக்டர் எழுந்து போய் வாசலில் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

வண்டி போனபிறகு உண்ணாமலை அடுப்பை மூட்டினாள், அணைத்தாள், மறுபடி மூட்டினாள். கஞ்சியை ஆற்றிக்கொண்டு வந்து உட்கார்ந்தாள்.

"தெரிஞ்சேவா குடுத்த?" என்றார் கந்தசாமி.

"ஆமா."

"மூஞ்ச சுளிக்காம?"

"உள்ளுக்குள்ள சுளிச்சேன். நீ கெடந்து துடிக்கிறதப் பாத்துட்டு வெளிய எப்பிடிய்யா சுளிக்கறது?"

கந்தசாமி கட்டில் சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். பல் நறநறத்தது. வலி ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுப் போகட்டும் என்று இருவரும் காத்திருந்தார்கள்.

"அப்ப, எம்மேல இருந்த கோவம் போயிடுச்சா உண்ணாமல?"

"எப்பப் போச்சுன்னு தெரியல. இந்த மருந்த உன் வாயில ஊத்தறப்ப உள்ள தேடிப் பாத்தேன். காணோம்."

"ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம்ல."

"உனுக்குந்தான் வாய் இருந்துச்சு. துப்பறதுக்குத்தானா அது?"

கந்தசாமிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரித்தது இடுப்பில் போய் இடித்தது. துண்டை வாயில் திணித்துக் கடித்துக்கொண்டார். அவர் கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் இறங்கியது. உண்ணாமலை முந்தானையால் அதை மட்டும் ஒற்றி எடுத்தாள், வேறெங்கும் தொடவில்லை. செவ்வாயும் புதனும் அப்படியே போயின. அந்த இரண்டு நாளில் அவள் உரித்த காய் கால் மூட்டைகூட இராது.

வியாழக்கிழமை உச்சிப்பொழுது பஸ்ஸில் செல்லப்பன் வந்தான். பாட்டிலை ஈரத்துணியில் சுற்றிப் பைக்குள் வைத்து, பையைக் கைக்குழந்தையைப்போல் மார்போடு அணைத்துக்கொண்டு கூட்டத்தில் நின்றே வந்திருந்தான். "காய்ச்சி ஆறவச்ச தண்ணி, பனங்கற்கண்டுப் பாகு, மருந்து. வேற ஒண்ணும் இல்லீங்க ஐயா. நாலு நாளுக்கு மேல தாங்காது, திங்கக்கிழமை திரும்பக் கொண்டாறேன். நீங்களே மோந்து பாருங்க."

கந்தசாமி நிதானமாக மோந்துபார்த்தார். குடித்தார். இந்தத் தடவை உண்ணாமலை தண்ணீர்ப் பானைப் பக்கம் போகவில்லை, அவர் தொண்டை ஏறி இறங்குவதைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"கசக்குது" என்றார். "நல்ல கசப்பு."

ஆரம்ப அளவுதான். சாயங்காலம் இரண்டாவது வேளை கொடுத்த பிறகு பல் நறநறப்பு நின்றது. சத்தம் நின்றதே என்று உண்ணாமலைக்குப் பயம் வந்து மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தாள். மூச்சு சீராக வந்தது. தூங்கிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை விடிந்து பனி விலகுகிற நேரம். அவள் வாசல் தெளித்துவிட்டு வந்தாள். கந்தசாமி கண் விழித்துக் கிடந்தார், நெற்றியில் சுருக்கமே இல்லை.

"லாபம்" என்றார்.

அவளுக்கு ஒரு நிமிஷம் பிடித்தது. புரிந்ததும் அப்படியே சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டாள்.

அன்றைக்கு நொச்சித்தழை போட்டு வெந்நீர் காய்ச்சினாள். துணியை நனைத்துப் பிழிந்து அவர் முதுகைத் துடைத்தாள். கை வைத்தால் துடிக்கவில்லை. நாலு மாதத்து அழுக்கு உருண்டு உருண்டு வந்தது. தோள்பட்டை எலும்பு எது, விலா எது என்று ஒவ்வொன்றாக அவள் கை போய்த் தடவியது. "இன்னா, மாடு கழுவறாப்பல தேய்க்கற" என்றார். "கழுவாம வுட்ட மாடுதானே" என்றாள். சனிக்கிழமை "ரெண்டு" என்றார். ஞாயிற்றுக்கிழமை "மூணு" சொல்லிவிட்டுக் கேழ்வரகுக் களியும் கருவாட்டுக் குழம்பும் கேட்டார். மார்கழி மாசத்தில் கருவாடா என்று ரஞ்சிதம் வாயைப் பிளந்தாள். "கொதிக்கட்டும்டி. எவ மூக்கப் பொத்திக்கிறாளோ பொத்திக்கட்டும்" என்று உண்ணாமலை தெருவுக்கே மணக்கமணக்க வைத்தாள். அவர் சாப்பிட்டது ஒரு உருண்டை. தின்றது ஒரு உருண்டை என்றாலும் நைனா கேட்டுச் சாப்பிட்டாரே என்று ரஞ்சிதம் அன்றைக்குத்தான் அழாமல் பஸ் ஏறினாள். செவ்வாய்க்கிழமை வந்த நீலாவதியைப் பார்த்து, "உன் எறும்புதான் பாப்பா என்னக் காட்டிக்குடுத்துச்சு. அதுக்கும் ஒரு சம்பளம் போட்டுக் குடு" என்று கிண்டல் பண்ணினார். நீலாவதி சிரித்துக்கொண்டே வெளியே போய், வண்டிக்குப் பின்னால் நின்று மூக்கைச் சிந்தினாள்.

அவருக்கு உடம்பில் ஒன்றும் மிச்சமில்லை என்பது உண்ணாமலைக்குத் தெரியாமல் இல்லை. எண் ஏறிக்கொண்டே போனது, குரல் இறங்கிக்கொண்டே வந்தது. திங்கட்கிழமை காலை உதட்டருகே காதைக் கொண்டுபோய்த்தான் கேட்டாள். "பதினொண்ணு" என்றார். அவள் விரலைப் பிடித்துக்கொண்டார். மறுநாள் விடிந்தபோது அவள் பன்னிரண்டு சொல்லட்டும் என்று காத்திருந்தாள். வெயில் வாசற்படிக்கு ஏறுகிற வரைக்கும் காத்திருந்தாள். அப்புறம்தான் எழுந்துபோய் அக்கம்பக்கத்தைக் கூப்பிட்டாள். அன்று செவ்வாய்க்கிழமை. வெள்ளை வண்டி வந்தபோது வாசலில் பச்சை ஓலை பின்னிக்கொண்டிருந்தார்கள்.

காரியமெல்லாம் முடிந்து, தை பிறந்து இரண்டு வாரம் கழித்து, உண்ணாமலை மிச்ச மருந்தோடு பாட்டிலைத் திருப்பிக் கொடுக்க வண்டி நிற்கிற இடத்துக்குப் போனாள். புதுசாக ஆறு பிள்ளைகள் படிக்க வந்திருந்தார்கள். புளியமரத்தடியில் ஜமக்காளம் விரித்து, பழைய மூன்று பேரும் அவர்களுக்குக் கந்தசாமியின் கதையைத்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். இப்போது மூவருக்கும் சேர்த்து ஒரே நோட்டு. ஜானகி டாக்டர் அவளைப் பார்த்ததும் எழுந்து, "இப்பிடி உக்காருங்கம்மா" என்று தன் பக்கத்தில் இடம் விட்டாள்.

தனசேகரன் கடைசி வரியைப் படித்தான். "வலியில்லாமல் இருந்த நாள், பதினொன்று."

"தம்பி" என்றாள் உண்ணாமலை. "அதுல ஒரு தப்பு இருக்குது."

"பதினொண்ணுதானேம்மா?"

"அவரு சொன்ன எண்ணு பதினொண்ணுதான். ஆனா அவரு அளக்கறவரு. சிந்துனதப் பொறுக்கிப் போடாம அடுத்த எண்ணு சொல்லமாட்டாரு." மடியிலிருந்த பாட்டிலை ஜமக்காளத்தில் வைத்தாள். "நோவில்லாம அவரு இருந்திருக்க வேண்டியது நாப்பத்தெட்டு நாளு. அதுல ரெண்டு நாள அவரு எம்புள்ளைக்குன்னு குடுத்துட்டாரு. அதப்பத்தி நான் பேசமாட்டேன். அவரு எண்ணுன பதினொண்ணும் போனா, பாக்கி முப்பத்தஞ்சு நாளு நாம சிந்துனது. நீங்க மட்டும் இல்ல. தக்கையப் புடுங்குனதும் எனக்குத் தெரிஞ்சிது. நீங்க எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கல, நானும் வாயத் தொறக்கல. முப்பத்தஞ்சு நாளு எதிர்லயே உக்காந்து மல்லாட்ட உரிச்சிக்கிட்டு இருந்தேன். அதயும் எழுதுங்க."

தனசேகரன் டாக்டரைப் பார்த்தான். டாக்டர் புடவைத் தலைப்பால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தாள், நிமிரவில்லை. நீலாவதி நோட்டை அவனிடமிருந்து வாங்கிப் பதினொன்றுக்குக் கீழே முப்பத்தைந்து என்று எழுதினாள்.

உண்ணாமலை எழுந்து புடவையைத் தட்டிவிட்டுக்கொண்டு மண்டிக்குப் போனாள். அன்றைக்கு உரிக்க வேண்டியது இரண்டு மூட்டை இருந்தது.